முன்சார்

ஒரு மனிதரை எப்படி 'சார்' என்று கூப்பிட வேண்டும் என்பதற்குச் சுற்றறிக்கை போட்ட ஆபீஸ் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். டீ போடும் இடத்தில், சர்க்கரை டப்பாவுக்கு மேலே ஒட்டியிருந்தது. டைப் செய்தவள் நான். பொது மேலாளரைக் கூப்பிடும்போது சார் முதலில் வர வேண்டும், பெயர் பிறகு வர வேண்டும், மாற்றிச் சொல்வது தவறு. விஷயம் இவ்வளவுதான். கீழே அவருடைய கையெழுத்து. கையெழுத்தின் வாலில் பட்டத்தைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகள். அந்த இரண்டு எழுத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

ஷார்ஜா தொழில்பேட்டையில் கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் மரவேலை செய்து கொடுக்கும் கம்பெனி அது. கீழே பட்டறை, மேலே ஆபீஸ். கீழே ரம்பம் ஓடினால் மேலே என் மேஜையில் இருக்கும் டீ ஆடும். முதலாளி அரபி, எப்போதாவது வந்து காவா என்கிற அரபிக் காப்பியைக் குடித்துவிட்டுப் போவார். கம்பெனியை நடத்தியது இந்த இங்கிலீஷ்காரர். நான் டைப்பிஸ்ட். லேபர் கார்டில் அப்படித்தான் இருந்தது. ஆட்களுக்கு விசா எடுப்பது, லீவு போடுவது, டிக்கெட் பார்ப்பது, கேம்ப்பில் தண்ணீர் வராவிட்டால் தண்ணீர் வண்டிக்காரனோடு சண்டை போடுவது, அரபி முதலாளிக்கும் இங்கிலீஷ்காரருக்கும் நடுவே இரண்டு பேரின் கோபத்தையும் வடிகட்டிக் கொடுப்பது எல்லாம் நான்தான். இதற்கெல்லாம் சேர்த்து டைப்பிஸ்ட் என்று ஒரே பெயர்.

நமக்குச் சார் என்பது யாருக்கு வேண்டுமானாலும் போடுகிற வார்த்தை. வாத்தியார் சார், கண்டக்டர் சார், வழி தெரியாமல் நின்றால் எதிரே வருகிற எவரும் சார். வளைகுடாவுக்கு வந்தால் அது இன்னும் பெருத்துவிடும். கேட்டில் நிற்கிற வாட்ச்மேன்கூட சார்தான். அதோடு, நமக்கு மரியாதை எப்போதும் பெயருக்குப் பின்னால்தான் வரும். அண்ணன், அக்கா, ஐயா, சார் எல்லாமே பெயருக்கு வால். அதனால் பட்டறையில் இருந்த ராமநாதபுரத்து ஆட்களும் கேரளத்து ஆட்களும் அவர் பெயரைச் சொல்லிக் கடைசியில் ஒரு சார் போட்டார்கள். அதில் என்ன குறை என்று யாருக்கும் தெரியாது.

அவருடைய சார் வேறு சாராம். பாரனெட் என்று ஒரு பட்டம். பிரபுவும் இல்லை, சாதாரண ஆளும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு படி. அப்பா செத்தால் மூத்த மகனுக்கு வரும். அது பெயருக்கு முன்னால்தான் நிற்கும். பின்னால் போட்டால் அவர் பள்ளிக்கூட வாத்தியார் ஆகிவிடுவாராம். ஒரு நாள் ஸ்டோர் கீப்பர் வழக்கம்போல் பின்னால் போட்டுக் கூப்பிட, இங்கிலீஷ்காரர் முகம் கன்றிப்போய் என்னிடம் வந்தார். அன்றைக்குத்தான் அந்தச் சுற்றறிக்கை.

இதை அஜ்மானில் எங்கள் ஃப்ளாட்டில் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். என் கணவர் சோற்றுக் கையோடு சிரித்தார்.

"ஏளா, அப்பம் ரெண்டு சாரு இருக்காம்லா. உங்காளு முன்சாரு. மத்தவனெல்லாம் பின்சாரு."

அந்தப் பெயர் மறுநாளே ஆபீஸ் முழுக்கப் பரவிவிட்டது. முன்சார் வந்தாச்சா, முன்சார் கோபத்திலா, முன்சாருக்கு டீயா காப்பியா. மலையாளிகளுக்கும் அது புரிந்தது, அவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

ஆபீசுக்கு டீத்தூளும் பாலும் தருகிற மளிகைக் கடைக்காரர் கீழக்கரைக்காரர். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், அதனால் எங்கள் எல்லோருக்கும் அவர் காக்கா. ஒருமுறை பில்லில் 'மிஸ்டர்' என்று தொடங்கி, அதற்கடுத்து 'சார்', அதற்கடுத்துப் பெயர், கடைசியில் இன்னொரு 'சார்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். முன்சார் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்து என் மேஜையில் போட்டார். சார் உள்ள ஆளுக்கு மிஸ்டர் போடக் கூடாதாம். அது அவமானமாம். பில் திரும்பிப் போயிற்று.

"தங்கச்சி, நா என்ன தப்பா எழுதிப்புட்டேன்? மரியாத கூடத்தானே வச்சிருக்கேன்?" என்றார் காக்கா.

"கூடிப்போச்சு காக்கா. மிஸ்டர எடுத்துருங்க."

அப்போது நாங்கள் சிரித்தோம். பரம்பரை என்கிற நோய் பிடித்த ஒரு பாவப்பட்ட மனிதர் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அந்த நோய் என் மேஜைக்கே வந்தது. இங்கிலாந்தில் இந்தப் பட்டக்காரர்களுக்கென்று ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். அப்பா செத்துவிட்டார் என்பதற்காகத் தானாகப் பெயர் ஏறிவிடாது. நான்தான் மூத்த மகன், என் அப்பாவும் அம்மாவும் முறைப்படி கல்யாணம் செய்தவர்கள், எனக்கு மேல் யாரும் இல்லை என்று காகிதம் கொடுத்து நிரூபிக்க வேண்டும். அதுவரைக்கும் அரசாங்கக் கடிதம் எதிலும் அவர் வெறும் மிஸ்டர்தான். இவருடைய அப்பா சோம்பேறி, தன் பெயரையே ஏற்றாமல் விட்டுவிட்டுச் செத்திருக்கிறார். ஆகவே இவர் இரண்டு தலைமுறைக்கு நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்த ஆபீசிலிருந்து வந்த கடிதங்களில் மிஸ்டர் என்றே இருந்தது. ஒவ்வொரு முறையும் அதை என்னிடம் காட்டி, பார், பார், என்று கத்துவார். பார்க்கத்தான் செய்தேன்.

இரண்டு தலைமுறை போதும் என்று அவர்கள் சொல்ல, இவர் முதல் ஆளிலிருந்தே தொடங்கினார். எப்படியும் செய்கிறோம், முழுச் சரித்திரத்தையும் எழுதிவிடலாம், சட்டம் போட்டு மாட்டலாம் என்றார். செய்கிறோம் என்றால் நான் செய்கிறேன் என்று அர்த்தம். மரத்தூள் பறக்கிற அந்த ஆபீசில் உட்கார்ந்து, நான் பார்த்தேயிராத ஊர்களின் சர்ச்சுகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். உங்கள் புத்தகத்தில் இன்னாருக்குக் கல்யாணம் ஆனதா, இன்னார் பிள்ளையில்லாமல் செத்தாரா என்று கேட்டேன். அவர்கள் பதில் எழுதும்போது அன்புள்ள ஐயா என்றே எழுதினார்கள். நான் பெண் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்தக் குடும்பத்தின் கதை எனக்கு மனப்பாடம். முதல் ஆள் ஆட்டு ரோம வியாபாரி. ராஜாவுக்குப் படைக்குப் பணம் தேவைப்பட்டது. பணம் கட்டுபவனுக்குப் பட்டம் என்று ராஜா கடை விரித்தார். இவர்களுடைய முன்னோர் போய் வாங்கினார். இதை முன்சாரே சிரித்துக்கொண்டுதான் சொன்னார். காசு கொடுத்து வாங்கியது பழையதாகிவிட்டால் அதற்கு வெட்கம் கிடையாது போலிருக்கிறது. அதற்குப் பிறகு வந்தவர்கள் எவரும் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட வேண்டியிருக்கவில்லை. மூத்த ஆணாகப் பிறந்தால் போதும். ஒருவர் குதிரைப் பந்தயத்தில் நிலத்தைத் தோற்றார். ஒருவர் தூக்கத்தில் மெழுகுவர்த்தியைத் தட்டிவிட்டு வீட்டின் பாதியைக் கொளுத்தினார். ஒருவருக்குப் பிள்ளை இல்லை, பட்டம் தம்பிக்குப் போயிற்று. அந்தத் தம்பியோ அண்ணனோடு பேச்சுவார்த்தையே இல்லாதவர். இன்னொருவர் நம் பக்கம் வந்து உப்பில் சம்பாதித்திருக்கிறார். உங்கள் பக்கம்தான், என்று சொல்லிவிட்டு நான் சந்தோஷப்படுகிறேனா என்று முன்சார் என் முகத்தைப் பார்த்தார். எந்த ஊர் உப்பு என்று கேட்டேன். அது அவருக்குத் தெரியவில்லை.

கடைசியில் வீடு போய், நிலம் போய், மிஞ்சியது அந்தப் பட்டம் ஒன்றுதான். அதை விற்க முடியாது, அதனால் மிஞ்சியது. இவர் வரியில்லாத சம்பளத்துக்காகப் பாலைவனத்துக்கு வந்து ஓட்டல்காரர்களுக்குக் கதவும் அலமாரியும் விற்றுக்கொண்டிருந்தார். அதாவது எங்களைப் போலப் பிழைக்க வந்தவர். இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

வம்சப் படத்தை வரைந்து கொடுத்தவள் என் மகள். அப்போது ஒன்பதாம் வகுப்பு. எனக்குக் கம்ப்யூட்டரில் கோடு நேராக வரவில்லை என்று புலம்பியபோது, தள்ளும்மா என்று உட்கார்ந்து இரண்டு மாலையில் போட்டுவிட்டாள். பெயர், அதன் கீழ் கோடு, கோட்டின் கீழ் பிள்ளைகள். பாதியில் நிறுத்தி என்னைக் கூப்பிட்டாள்.

"அம்மா, வெயிட். இந்த கேர்ள்ஸுக்கெல்லாம் ஏன் கீழ லைனே இல்ல? இவங்களுக்குக் குழந்தையே பொறக்கலயா?"

"பொறந்திருக்கும். அது கணக்குல வராது."

"சில இடத்துல பேருகூட இல்லம்மா. 'டூ டாட்டர்ஸ்'னு மட்டும் இருக்கு."

"அப்படித்தான் எழுதி வச்சிருக்காவ. அப்படியே போடு."

"தட்ஸ் ஸோ ரூட்," என்றாள். ஆனாலும் போட்டாள். நேரான, அழகான கோடுகள். முன்சார் அதைப் பார்த்துவிட்டு உன் மகள் புத்திசாலி என்றார். தனக்கும் மகள்தான், ஒரே மகள் என்றும் சொன்னார். ஆகவே பட்டம் தனக்குப் பிறகு ஆஸ்திரேலியாவில் இருக்கிற யாரோ ஒரு சித்தப்பா வழிப் பேரனுக்குப் போகும், அவனைத் தான் பார்த்ததே இல்லை என்று சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. அன்றைக்கு அவர் மேல் எனக்கு உண்மையாகவே இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தை இன்றைக்கும் திரும்பக் கேட்டு வாங்க வேண்டும் போலிருக்கிறது.

அந்தக் குளிர்காலத்தில் துபாயில் கிரேன்கள் அசையாமல் நின்றன. என் கணவர் வேலை பார்த்த கட்டடக் கம்பெனி முதலில் சம்பளத்தை இழுத்தது, பிறகு சைட்டை மூடியது, பிறகு ஆளையே அனுப்பியது. அவர் விசா கேன்சல் ஆக வேண்டும். அவர் விசாவில்தான் எங்கள் மகள் இருந்தாள். பிள்ளையின் விசாவை முதலில் கேன்சல் செய்தால்தான் அப்பாவின் விசாவில் கை வைப்பார்கள். தோகாவில் ஒரு சைட்டில் அவருக்கு வேலை கிடைத்தது, ஆனால் கேம்ப் வாழ்க்கை, குடும்பத்துக்கு இடமில்லை. என் சம்பளத்தை விட்டுவிட்டு நானும் ஊருக்குப் போய்விடலாம் என்று சொல்கிற நிலையில் நாங்கள் இல்லை. மகள் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். அவள் பிறந்ததே ஷார்ஜாவில். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்.

ஒரே வழி, அவளை என் விசாவுக்கு மாற்றுவது. கம்பெனியின் அரசாங்க வேலைகளுக்கு அலைகிற ஹைதராபாத்காரரிடம் கேட்டேன். அவர் என் லேபர் கார்டை வாங்கிப் பார்த்தார்.

"டைப்பிஸ்ட் மாஃபி, பஹன்," என்றார். டைப்பிஸ்ட்டுக்குக் கிடையாது. அந்தக் காலத்தில் அம்மா பெயரில் பிள்ளைக்கு விசா எடுப்பது லேசில்லை. டாக்டர், டீச்சர், இன்ஜினியர் என்று பெரிய பட்டம் ஏதாவது கார்டில் இருக்க வேண்டும். "முதீர் லிக்வாவ். ஃபிர் தேக்கேங்கே." முதீர் என்றால் மேனேஜர். மேனேஜர் என்று மாற்றிக்கொண்டு வா, அப்புறம் பார்க்கலாம். என் பி.காம். சான்றிதழில் எல்லா முத்திரையும் ஏற்கெனவே குத்தியிருந்தது. முதலாளி ஆட்சேபம் சொல்ல மாட்டார். வேண்டியது பொது மேலாளரின் கையெழுத்து ஒன்று. சம்பளத்தை உயர்த்தச் சொல்லவில்லை. அறை கேட்கவில்லை. நான் செய்துகொண்டிருந்த வேலையின் பெயரை அட்டையில் எழுதச் சொன்னேன்.

எங்கள் மொழியில் பி.காமும் பட்டம்தான், பாரனெட்டும் பட்டம்தான், அட்டையில் இருக்கிற பெயரும் கிட்டத்தட்டப் பட்டம்தான். அதனால்தானோ என்னவோ, கேட்கப் போகும்போது இவருக்கு இது புரியும் என்று நம்பிப் போனேன். ஒரு காகிதத்தில் ஏறாத பெயருக்காகக் கத்திக்கொண்டிருக்கிற மனிதருக்கு என் கஷ்டம் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்?

நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். வருத்தமான முகத்தோடுதான் கேட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பதவிப் பெயர் என்பது நமக்கு வசதியாக இருக்கிறது என்பதற்காகக் கொடுப்பதில்லை என்றார். அது சம்பாதிக்க வேண்டியது என்றார். எல்லோருக்கும் வாரிக் கொடுத்தால் அதற்கு மதிப்புப் போய்விடும் என்றார்.

சம்பாதிக்க வேண்டியதாம். சுவரில், அவர் தலைக்கு நேர் மேலே, சட்டத்துக்குள் என் மகள் போட்ட கோடுகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஆட்டு ரோமக்காரர் உச்சியில் இருந்தார். அடியில் இவர் இருந்தார். நடுவில் ஒருவர்கூட எதையும் சம்பாதிக்கவில்லை, பிறந்ததைத் தவிர.

"நான் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், சார்," என்றேன். எல்லாம் இங்கிலீஷில்தான் நடந்தது. "புதிதாக எதுவும் கொடுக்க வேண்டாம். இருப்பதை எழுதினால் போதும்."

"அது அப்படி இல்லை."

"உங்கள் காகிதமும் இன்னும் வரவில்லை. ஆனாலும் நாங்கள் எல்லோரும் உங்களைச் சார் என்றுதான் கூப்பிடுகிறோம்."

அவர் முகம் மாறியது. "அது வேறு. நான் பாரனெட். காகிதம் அதைப் பதிவு செய்கிறது, அவ்வளவுதான்."

"நானும் மேனேஜர். காகிதம் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான்."

கையிலிருந்த பேனாவை மேஜைமேல் வைத்தார். எங்கள் மேல் கோபம் வந்தால் அவருக்குக் குரல் மெதுவாகும். மெதுவாகவே ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலைத்தான் நான் மன்னிக்கவே மாட்டேன். தன் மகளுக்கும் தன்னிடமிருந்து எதுவும் போகாது, என்றார். சட்டம் அப்படி. நான் என்ன செய்ய முடியும்? நீயும் நானும் ஒரே படகில்தான் இருக்கிறோம்.

அவர் மகள் லண்டனில் சொந்த வீட்டில் இருந்தாள். அவளுக்குப் போகாதது பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்கிற ஒரு வார்த்தை, அதுவும் பெண் என்பதால் அவளுக்கு எப்படியும் பொருந்தாத வார்த்தை. என் மகளுக்குக் கைவிட்டுப் போவது அவள் கட்டில், பள்ளிக்கூடம், தோழிகள், அம்மா. எந்தப் படகைச் சொல்கிறார் இந்த ஆள்? அவருக்கு இருந்தது ராஜா போட்ட சட்டம், செத்துப்போன ராஜா போட்டது, அவரால் மாற்ற முடியாது. எனக்கு வேண்டியது அவருடைய கையெழுத்து. பேனா மேஜைமேல் கிடந்தது. எடுத்துப் போட்டால் ஆயிற்று. போடக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை, டைப்பிஸ்ட் மேனேஜர் ஆகிவிடக் கூடாதே என்கிற அவருடைய குறுகுறுப்பைத் தவிர.

காக்காவிடம் சொல்லி அழுதேன். பால் பெட்டிகளுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தார்.

"மொதலாளிகிட்ட நேரா போயேன் தங்கச்சி."

"போனேன் காக்கா. அவரு நல்ல மனுசன்தான். ஜி.எம். எழுதித் தந்தா நான் ஸ்டாம்ப் அடிக்கேன், அவரு வேலைல நான் தலையிட மாட்டேன்னு சொல்லிட்டாரு."

"இவன் எழுதித் தரமாட்டானாக்கும். பேருக்கு முன்னாடி மட்டும் அவனுக்கு வேணுமாக்கும்." காக்கா வெளியே பார்த்து ஒரு வசவு சொன்னார். அதை இங்கே எழுத முடியாது. எனக்கு அது அப்போது தேவையாக இருந்தது.

விசா கேன்சல் ஆன பிறகு கிளம்ப ஒரு மாதம் அவகாசம் உண்டு. என் கணவர் முதலில் போனார். போவதற்கு முந்திய வாரம் அந்த மனிதரைப் போய்ப் பார்த்து நாலு கேள்வி கேட்கிறேன் என்று குதித்தார். நான்தான் பிடித்து நிறுத்தினேன். "உங்களுக்கு விசா போச்சு, எனக்கும் போவட்டும்னு நெனைக்கியளா?" என்று கத்தினேன். அவர் போய் மகளின் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கினார். டேப்பை இழுத்து ஒட்டுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

மகளுக்குப் பாளையங்கோட்டையில் ஒரு கான்வென்ட் ஹாஸ்டலில் இடம் கிடைத்தது. சொந்தக்காரர் வீட்டில் விட்டு அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வளர வேண்டாம் என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம். விமானத்தில் அதே ஊருக்குப் போகிற ஒரு குடும்பத்தோடு அனுப்பினேன். கூடப் போக லீவு கேட்டேன். பெரிய ஓட்டல் வேலை ஒன்று முடிகிற நேரம், முடியாது என்று மேலேயிருந்து சொல்லிவிட்டார்கள். மேலே என்றால் அவர்தான்.

ஏர்போர்ட்டில் அவள் அழவில்லை. என் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "அம்மா, அங்க இனிஷியல் போடணுமாம். நான் எதப் போட?" என்றாள். அப்பா பெயரின் முதல் எழுத்து என்றேன். "உன்னோடது?" என்று கேட்டாள். "என்னோடது போட மாட்டாவ," என்றேன். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். அந்த வம்சப் படம் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும். எனக்கு வந்தது.

ஏர்போர்ட்டிலிருந்து நேரே டியூட்டிக்கு வந்தேன். மாடிப்படி ஏறும்போதே சிரிப்புச் சத்தம். டீ போடுகிற இடத்தில் பெரிய கேக். அன்று காலை கூரியர் வந்திருக்கிறது. பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டது. சர்ச் சர்ச்சாக நான் தேடி எடுத்த கல்யாணமும் சாவும் பிறப்பும் பலித்துவிட்டன. பட்டறையிலிருந்து ஆட்களை மேலே கூப்பிட்டு நிறுத்தியிருந்தார். மரத்தூள் படிந்த தலையோடு அவர்கள் கேக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், எதற்கென்று தெரியாமல்.

"வந்துவிட்டாயா, சரியான நேரம்," என்றார் முன்சார். உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தார். சுவரிலிருந்து சட்டத்தைக் கழற்றிக் கொண்டுவந்து வைத்திருந்தார். இதில் உன் உழைப்பு நிறைய இருக்கிறது, அதனால் எல்லோருக்கும் நீயே வாசித்துக் காட்டு என்றார். என் மகள் எங்கே, போய்விட்டாளா என்று அவர் கேட்கவில்லை. இன்றைக்குப் போகிறாள் என்று அவருக்குத் தெரியும். லீவு கேட்ட தாள் அவரிடம்தான் போயிற்று.

வாசித்தேன். ஆட்டு ரோமக்காரரிலிருந்து தொடங்கினேன். குதிரையில் தோற்றவர், வீட்டைக் கொளுத்தியவர், அண்ணனோடு பேசாத தம்பி, உப்புக்காரர். ஒவ்வொருவருக்கும் சார் போட்டேன், முன்னால்தான் போட்டேன். பெண்கள் வந்த இடத்தில், படத்தில் இருப்பது போலவே, இரண்டு மகள்கள், மூன்று மகள்கள் என்று வாசித்தேன். கோடுகள் எல்லாம் நேராக இருந்தன. அடிக்கு வந்தேன். அங்கே அவர் பெயர் இருந்தது.

"மிஸ்டர்," என்று சொல்லி, அவர் பெயரைச் சொன்னேன்.

ரம்பம் நிறுத்தியிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. ஸ்டோர் கீப்பர் கீழே பார்த்தார். முன்சார் சிரித்தபடியே, சார், என்று திருத்தினார். நாக்கு தவறிவிட்டது என்று நினைத்திருப்பார்.

"மிஸ்டர்," என்றேன் மறுபடியும். இந்த முறை அவரைப் பார்த்துச் சொன்னேன். "இதெல்லாம் சம்பாதிக்க வேண்டியது என்று நீங்கள்தான் சொன்னீர்கள்."

அவர் கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. பட்டறை ஆட்களுக்கு இங்கிலீஷ் பாதி புரியாது, ஆனால் மிஸ்டர் புரியும். அந்த ஆபீசில் அந்த வார்த்தைக்கு என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் சிரிக்கவில்லை. கேக் வெட்டுகிற கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு முன்சார் என் பக்கம் இரண்டடி வந்தார். குரல் மிகவும் மெதுவாக இருந்தது.

"நீ நிதானத்தில் இல்லை. வீட்டுக்குப் போ."

"எந்த வீட்டுக்கு?" என்று கேட்டேன்.

கேலியாகக் கேட்கவில்லை. எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. ஒருவர் தோகாவில் கேம்ப்பில் இருந்தார், ஒருத்தி திருவனந்தபுரத்துக்குப் போகிற விமானத்தில் கடலுக்கு மேலே இருந்தாள், அஜ்மான் ஃப்ளாட்டில் சமையல் மேடையில் அவள் காலையில் குடித்துவிட்டு வைத்த பால் டம்ளர் கழுவாமல் இருந்தது. நான் சட்டத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். காக்கா கடை வாசலில் நின்று, என்ன தங்கச்சி, அதுக்குள்ள எங்க கெளம்பிட்ட, என்று கேட்டார். அஜ்மான் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.